பாட்டின் அடியில் ஓடும் பாட்டு

அறுபதுகளின் சினிமாப் பாட்டு ஒன்று எங்கோ ஒலிக்கத் தொடங்கியதும், என் பிராயத்தை ஒத்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, 'ஆகா, அது ஒரு காலம்!' என்று பெருமூச்சு விட்டு, அந்த க்ஷணத்திலிருந்தே பாட்டைக் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் காதில் விழுவது டூரிங் கொட்டகை மணலும், கல்லூரி வாசலும், எழுதியும் கொடுக்காமற்போன ஏதோ ஒரு கடிதமுமேயன்றிப் பாட்டல்ல. அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஏக்கத்தைச் சற்று நேரம் திண்ணையில் உட்கார்த்தி வைத்துவிட்டு, பாட்டோடு தனியே உள்ளே போகிறவனுக்குக் கிடைக்கும் ஆனந்தம் வேறு என்பதை நான் வெகு தாமதமாகத்தான் கண்டுகொண்டேன்.

முதலில், அந்தப் பாட்டுக்கு விதிக்கப்பட்டிருந்த எல்லையை மனத்தில் கொள்ள வேண்டும். நிமிஷத்துக்கு 78 முறை சுழன்ற அரக்கு இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்றரை நிமிஷத்துக்குத்தான் இடம் உண்டு. பல்லவியும் சரணங்களும் நடுநடுவே வரும் வாத்திய இசையும் அதற்குள் அடங்கியாக வேண்டும். அடங்காதது மறுபக்கத்துக்குப் போகும், கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாராவது ஒருவர் முணுமுணுத்தபடி எழுந்துபோய்த் தட்டைப் புரட்டிப் போடுவார். மனை சிறியதானால் கொத்தனாருக்கு ஒவ்வோர் அங்குலமும் கணக்கு அல்லவா? ஆகையால் பல்லவிக்கு முன்னால் ஒலிக்கும் நாலைந்து விநாடி வாத்தியத்தைக்கூட அலட்சியமாக விட்டுவிடலாகாது.

ஒலிப்பதிவு நடந்த விதமும் தெரிந்திருந்தால் நல்லது. தனித்தனியே பாடி, தனித்தனியே வாசித்து, சாவகாசமாகப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் சௌகரியம் அன்று இல்லை. பாடுகிறவரும் வயலின் கோஷ்டியும் தபலாக்காரரும் ஒரே வேளையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு முயல, கடைசிச் சரணத்தில் ஒரு குழல் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அந்தப் பதிவுகளில் ஒருவரையொருவர் உற்றுக் கேட்டுக்கொண்டு வாசிக்கிற ஒரு ஜாக்கிரதை இருக்கிறது. அவற்றின் மேல் புதுத் தாளம் ஏற்றி 'மெருகு' கொடுத்து வரும் பதிப்புகளை நான் வாங்குவதில்லை. கல்தூணுக்கு வார்னிஷ் அடிப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

இனி, கேட்கும் முறை. ஒரே பாட்டை மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை குரலைக் கேளாதிருக்கப் பிரயாசைப்படுங்கள். 1961-இல் வெளிவந்த 'பாவ மன்னிப்பு' படத்தில், தன் தலைவனைப் பற்றி ஒரு பெண் நாணத்தோடு சொல்வதாகப் பி. சுசீலா பாடிய பாட்டு இதற்கு மிகவும் உகந்தது. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையரின் குழுவில் இருந்த மங்களமூர்த்தியின் அக்கார்டியன் அதில் செய்யும் காரியத்தைக் கவனியுங்கள். அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெட்கத்தால் நிறுத்துகிற இடத்தில் அது மெல்ல நுழைந்து, அவள் சொல்லாமல் விட்டதை ஓர் இழுப்பில் சொல்லிவிட்டு, அவள் மறுபடி வாயெடுத்ததும் ஒதுங்கிக்கொள்கிறது. நாற்பது வருஷம் நான் அந்தப் பாட்டைக் குரலுக்காகவே கேட்டு வந்தேன். அக்கார்டியன் காதில் விழுந்த அன்று, அது அந்தரங்கம் பேசும் இருவரின் சம்பாஷணையாக மாறிப்போயிற்று.

இரண்டாவது தடவை, குரலுக்கு. 'பாலும் பழமும்' படத்தில் சிவாஜிக்கும் 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் எம்.ஜி.ஆருக்கும் டி.எம். சௌந்தரராஜன் பாடியவற்றை அடுத்தடுத்துக் கேட்டால், முகம் தெரியாமலே இன்னாருக்கு இன்ன குரல் என்று குழந்தையும் சொல்லிவிடும். 1963-இல் வந்த 'கற்பகம்' படத்திலோ ஆண்குரலே இல்லை. வாலி எழுதிய பாட்டுக்கள் அத்தனையையும் சுசீலாவே பாடியிருக்கிறார், ஒரு முழுப் படத்தையும் ஒரே குரல் எப்படிச் சுமக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை. மூன்றாவது தடவை வார்த்தைக்கு. கண்ணதாசனைப் பற்றித் தமிழர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல என்ன இருக்கிறது?

இவ்வளவும் ஆன பிறகு, திண்ணையில் காத்திருக்கும் ஏக்கத்தை உள்ளே அழைத்துக்கொள்ளலாம். கேஸ்கர் மத்திய ஒலிபரப்பு அமைச்சராக இருந்த ஐம்பதுகளில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைத் தீண்டத் தயங்கியதன் பயனாக, எங்கள் கடற்கரைப் பக்கத்து ஜனங்கள் இலங்கை வானொலியின் பக்கம் காதைத் திருப்பினார்கள். 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கிய பிறகும், இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலுக்குப் பழகிப்போன காது எளிதில் திரும்பவில்லை. தேநீர்க் கடையில் இருந்த வால்வு ரேடியோவில் கொழும்பு நிலையம் கடல் அலை போலவே ஏறும், இறங்கும். ஒரு பாட்டின் கடைசிச் சரணம் ஒவ்வொரு முறையும் கரகரப்பில் அமிழ்ந்துபோக, அதில் என்னதான் இருந்தது என்பது ஒலிநாடா வந்த காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது. இன்று அதே பாட்டைத் துல்லியமாகக் கேட்கிறேன். ஆயினும் அந்த இடம் நெருங்கும்போது, தேநீர் ஆற்றுகிறவர் கையை நிறுத்திவிட்டு ரேடியோவின் திருகை இப்படியும் அப்படியும் திருப்புவதற்காக என் காது காத்துக்கொண்டுதான் இருக்கிறது.