வசனமாகிவிட்ட வசை: நடிகரின் பணிக்களம் குறித்து ஒரு திறனாய்வு

2018 ஆகஸ்டில் பினாங்கு ஜார்ஜ்டவுன் விழாவையொட்டி நடைபெற்ற ஒளிப்படக் கண்காட்சியிலிருந்து இரண்டு உருவப்படங்கள் அகற்றப்பட்டன. தேசியக் கொடியுடன் மலேசியர் பலர் தோன்றிய படவரிசை அது. அகற்றப்பட்டவற்றுள் ஒன்றில் இருந்தவர் திருநங்கையரின் உரிமைக்காகப் பாடுபடும் நிஷா அயூப். மற்றொன்றில் இருந்தவர் கலைத்துறைச் செயற்பாட்டாளர் பாங் கீ தெக். சமய விவகாரங்களுக்குப் பொறுப்பேற்றிருந்த அமைச்சர் முஜாஹிட் யூசோப் ராவாவின் தலையீட்டால் இது நேர்ந்தது.  விலக்கப்பட்டது காட்சியன்று, காட்சியில் நின்ற ஆள் என்று கருத இடமுண்டு. ‘கலைஞன் வேறு, கலை வேறு’ என்று வகுப்பறைகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இந்நிகழ்வு அக்கூற்றை மீளவும் எண்ணிப் பார்க்க வைக்கிறது.

நடிகரின் பணிக்களத்தில் நிகழும் இழிவுக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான ‘கிரேஸ் அனாட்டமி’யின் படப்பிடிப்புத் தளத்தில் 2006 அக்டோபரில் நிகழ்ந்தது. சக நடிகருடன் எழுந்த பூசலில் ஐசையா வாஷிங்டன் தற்பால் ஈர்ப்புடையோரை இழிக்கும் வசைச்சொல் ஒன்றை ஆண்டதாகச் செய்தி பரவிற்று. தொடரில் நடித்துவந்த டி. ஆர். நைட் அதே மாதத்தில் தாம் தற்பால் ஈர்ப்புடையவர் என்பதை வெளிப்படையாக அறிவித்தார். அறிவிப்பில் ஆரவாரமில்லை, தம்மைப் பற்றிய மிகச் சுவையான செய்தி இதுவாக இராது என்றே அவர் நம்புவதாகத் தெரிவித்தார். 2007 ஜனவரியில் விருது விழா ஒன்றில் செய்தியை மறுக்க வந்த வாஷிங்டன் அச்சொல்லையே மீண்டும் உச்சரித்தார். பின்னர் மன்னிப்புக் கேட்டார். நிறுவனம் அவரைக் கண்டித்தது. அவ்வாண்டு ஜூனில் அவரது ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கருப்பினத்தவரான தமக்கு இழைக்கப்பட்டது இனப்பாகுபாடு என அவர் முறையிட்டதும் ஈண்டுக் கருதத்தக்கது. ஓர் ஒடுக்குமுறையைப் பேசும்போது மற்றொன்றை மறந்துவிடல் எளிது.

இங்கு நாம் வற்புறுத்த விழைவது ஒன்றே. நைட் எதிர்கொண்ட வசை எழுத்துப்படியில் இல்லாதது. ஆகவேதான் அது ஒழுங்குமீறலாகக் கருதப்பட்டது, கண்டிக்கவும் முடிந்தது. தமிழ்த் திரையிலோ வசை எழுத்துப்படிக்குள்ளேயே அமைந்துவிடுகிறது.

2015 பொங்கலையொட்டி வெளிவந்த ஷங்கரின் ‘ஐ’ இதற்குச் சான்று. ஒப்பனைக் கலைஞராக வரும் திருநங்கைப் பாத்திரத்தில் நடித்தவர் ஓஜஸ் ராஜானி. இவர் நிஜத்திலும் ஒப்பனைக் கலைஞர், திருநங்கை. அப்பாத்திரம் நாயகன்மீது காதல் கொள்கிறது. நாயகனாலும் அவன் தோழனாலும் எள்ளி நகையாடப்படுகிறது. புறக்கணிக்கப்பட்ட பின் வஞ்சகர் அணியில் சேர்கிறது. முடிவில் உடல் சிதைந்து தண்டனை பெறுகிறது. தம் பிறப்பும் தொழிலும் ஒருங்கே ஏளனத்துக்குள்ளாவதை ஊதியம் பெறும் பணியாக ஏற்று ஒரு நடிகர் கேமராவின் முன் நிற்க வேண்டியிருந்தது. இங்கே முறையிட எந்த மேலாளரும் இல்லை. ஏனெனில் வசையே வசனம்.

‘நகைச்சுவைதானே’ என்பர் சிலர். நகைச்சுவை எவரையும் விட்டுவைப்பதில்லை என்பதும் உண்மையே. ஆயினும் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் களங்களுள் ஒன்றாக எள்ளலைத் தொல்காப்பியர் வைத்தபோது, அதனுடன் இளமை, பேதைமை, மடன் ஆகியவற்றையும் வைத்தார். நால்வகைக் களங்களுள் மூன்றைத் துறந்து எள்ளலை மட்டும் பற்றிக்கொள்வது எழுதுவோரின் சோம்பல் எனவே கொள்ளுதல் வேண்டும். மேலும், பால்வேறுபட்ட உடல் நம் அரங்க மரபுக்கு அயலானதன்று. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களுள் காமன் ஆடிய பேடும் ஒன்று. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையிலும் பேடிக்கூத்தைக் கூடிநின்று காண்போர் உளர். தற்பால் ஈர்ப்பும் திருநங்கை நிலையும் வெவ்வேறானவை. அவ்விரண்டையும் ஒரே கேலிக்குள் குழைத்துத் தந்தது அண்மைக்காலத் திரையே.

‘ஐ’ வெளிவந்தபோது சென்னையில் திருநங்கையரின் எதிர்ப்பு எழுந்தது. நாடகக் கலைஞர் லிவிங் ஸ்மைல் வித்யா இயக்குநருக்குத் திறந்த மடல் ஒன்று எழுதினார். பார்வையாளரின் மனக்குறையாக அதனை வாசிப்பது போதாது. துறைக்குள்ளிருந்து வந்த தொழிலாளியின் முறையீடு அது. மொழியியல் பயின்றவர், மேடை நடிகர், ‘நான் வித்யா’ என்னும் தன்வரலாற்றின் ஆசிரியர் என்ற நிலைகளில் நின்று பேசியவர் அவர். அவருடைய தன்வரலாறு கன்னடத்தில் ‘நானு அவனல்ல அவளு’ என்று படமாகி, அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்கு 2015இல் தேசிய விருது அறிவிக்கப்பட்டது. விஜய்யின் நடிப்புத் திறனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் திருநங்கையின் வாழ்க்கைக்குக் கிடைத்த விருது ஆண் நடிகருக்குச் சென்ற அதே ஆண்டில், திருநங்கை நடிகருக்குக் கிடைத்த வேடம் ‘ஐ’ தந்த அவ்வேடம் என்பது கவனத்திற்குரியது.

மலேசியத் தணிக்கை வரலாறும் ஒரு குறிப்பைத் தருகிறது. 2010 அளவில், இத்தகைய பாத்திரங்கள் இறுதியில் திருந்துவதாகக் காட்டப்படின் அனுமதிக்கலாம் என்ற தளர்வு ஏற்பட்டது. 2017இல் ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ படத்தில் ஏறத்தாழ நாலரை நிமிடக் காட்சியை வெட்டுமாறு கோரப்பட்டது. டிஸ்னி நிறுவனம் மறுத்தபின் அது வெட்டின்றியே திரைகண்டது. ஒரு பாத்திரத்தின் மென்மையான ஈர்ப்பு தணிக்கையாளரை உறுத்திற்று. ஏளனம் எவரையும் அவ்வாறு உறுத்தியதாகத் தெரியவில்லை.

2019இல் மாறுதலின் அறிகுறிகள் தோன்றின. ராமின் ‘பேரன்பு’வில் திருநங்கை நடிகர் அஞ்சலி அமீர் மம்முட்டியுடன் நடித்தார், அப்பாத்திரம் சிரிப்புக்கன்று, உறவுக்கு உரியதாக அமைந்தது. அதே ஆண்டில் ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தில் திருநங்கை ஷில்பாவாக விஜய் சேதுபதி நடித்தார். தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. விமர்சனங்களுள் பல ‘துணிச்சலான நடிப்பு’ எனப் புகழ்ந்தன. அஞ்சலி அமீரின் நடிப்பைக் குறிக்க அதே சொல்லை எத்தனை பேர் ஆண்டனர் என்பதைத் திறனாய்வு பயிலும் மாணவர்கள் தேடிப் பார்க்கலாம்.