விண்வெளிச் சினிமாவில் எடையின்மை: ஒரு குறிப்பு

விண்வெளித் திரைப்பட உத்திகளை ஆராய்வோர் பெரும்பாலும் ஸ்ரான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யிலிருந்தே (1968) தொடங்குவர். இத்தொடக்கம் வரலாற்றோடு பொருந்துவதன்று என்பதே எமது கருத்து. ஸ்புட்னிக் ஏவப்பட்ட 1957ஆம் ஆண்டிலேயே லெனின்கிராட்டில் பாவெல் க்ளுஷன்ட்சேவ் ‘விண்மீன்களுக்கான பாதை’ என்னும் படத்தை உருவாக்கியிருந்தார். அதில் எடையின்மை காட்டப்பட்ட முறை ஊன்றி நோக்கற்பாலது. நடிகர் உயரத்திலிருந்து கம்பியிலே தொங்கவிடப்பட்டார். கமரா அவருக்கு நேர்கீழே மேல்நோக்கி வைக்கப்பட்டது. நடிகரின் உடலே கம்பியை மறைத்தது. அத்துடன், கமராவின் பார்வைக்கோடும் புவியீர்ப்பின் திசையும் ஒன்றாகிவிடுவதால் திரையில் மேல், கீழ் என்பன அற்றுப்போகின்றன. பார்வையாளர் காண்பது மிதத்தலையே. 11 ஆண்டுகளின் பின் குப்ரிக்கும் இம்முறையைக் கையாண்டார். அவர் அமைப்பித்த, 38 அடி விட்டமுடைய சுழலும் அரங்கின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. (அதற்கு வேண்டிய பணம் லெனின்கிராட்டில் இருக்கவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.)

க்ளுஷன்ட்சேவின் ‘புயல்களின் கோள்’ (1962) அமெரிக்கத் தயாரிப்பாளர் றொஜர் கோர்மனின் கைக்குச் சென்றது. புதிய காட்சிகள் சில ஒட்டப்பட்டு, 1965இல் அது வேறொரு பெயரில் வெளிவந்தது. விமர்சகர் சிலர் இதனைச் சாமர்த்தியமான சிக்கனமென்று வேடிக்கையாகக் குறிப்பிடுவர். எமக்கு அவ்வாறு நகைக்க இயலவில்லை; அப்படத்தில் க்ளுஷன்ட்சேவின் பெயர் எங்கணும் இல்லை.