முள்ளுக்கு எந்தக் கையுறை?

ரப்பர் கையுறையை உலகுக்கே விற்கும் நாடு நம் மலேசியா. ஆனால் லூனாஸ் வீட்டு வேலியில் மண்டிய காகிதப்பூவைக் கழிக்க, மருத்துவமனையில் போடும் அந்த மெல்லிய உறை உதவாது; அது கிருமிக்குத்தான் தடை. செம்பனை மட்டை முள்ளோ நூல் கையுறையையும் ஊடுருவும். கையுறைகளில் காணும் ‘ஈஎன் 388’ என்ற ஐரோப்பியத் தர முத்திரையின் நான்காம் எண்தான் குத்தைத் தாங்கும் அளவு. உச்சமான 4 என்றால் குறைந்தது 150 நியூட்டன். ஆனால் சோதனைக் கம்பி தடித்தது, எலுமிச்சை முள் ஊசி. எனவே எண்ணை மட்டும் நம்பக்கூடாது. விரல் மடங்க இடம்தரும் ஆட்டுத்தோல், முழங்கைவரை நீண்ட கை, இரண்டும் வேண்டும். கிளையை இழுக்கும்போது கீறல் விழுவது மணிக்கட்டுக்கு மேலேதான்.

இந்த வெயிலுக்குத் தோலா, வியர்க்காதா என்பார்கள். வியர்க்கும்தான், விடியலில் வெட்டலாமே. மழையில் நனைந்தால் விறைக்கும் என்பது நியாயமான குறை. அதற்கு நிழலில் உலர்த்தவேண்டும், வெயிலில் அல்ல.