தார்த்தீனியின் தாள்கள்: காதும் கணக்கும்

ஜுசெப்பே தார்த்தீனி (1692–1770) விட்டுச்சென்ற காகிதங்கள் ஒரே கூரையின் கீழ் இல்லை. பிறந்த ஊரான பிரானில், அதாவது இன்றைய ஸ்லோவேனியாவில், கடிதங்களும் கோட்பாட்டுக் குறிப்புகளும் இருக்கின்றன. 1721இல் முதல் வயலின் கலைஞராக அமர்ந்த படுவாவின் புனித அந்தோனியார் பேராலயத்தில் இசைக் கையெழுத்துகள். பொலோஞ்ஞாவில் இசை அறிஞர் மார்த்தினி பாதிரியாருக்கு எழுதிய கடிதங்கள். வெனிஸ், பாரிஸ், கலிபோர்னியாவின் பெர்க்லி ஆகிய இடங்களில் மாணவரும் பிறரும் எடுத்த பிரதிகள். எந்த ஊரில் தொடங்குகிறோமோ அந்த ஊருக்கு ஏற்ற தார்த்தீனி கிடைப்பார். பொலோஞ்ஞாவில் தொடங்குபவருக்குக் கணிதப் பித்தர், வெனிஸில் தொடங்குபவருக்குப் பொறுமையான ஆசிரியர். இந்த இருவரையும் ஒரே தராசில் வைத்தாக வேண்டும்.

தார்த்தீனியின் கனவில் பேய் வந்து வயலின் வாசித்துக் காட்டிய கதையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அது நமக்கு வந்து சேர்ந்தது வானியலாளர் லலாந்தின் பயண நூல் வழியாக. ‘பேயின் ட்ரில்’ சொனாட்டாவுக்குத் தார்த்தீனியின் கைப்பிரதியும் இல்லை. அவர் இறந்து ஏறத்தாழ முப்பதாண்டு கழித்தே அது அச்சேறியது. ஆவணத்தை எடைபோடும் இடத்தில் அந்தக் கதைக்கு வேலையில்லை.

அவர் தம் பெருமை என்று நம்பியது 1754இல் படுவாவில் வெளியான இசை ஆய்வு நூலை. ஒத்திசைவின் மெய்யான அறிவியலைத் தருவதாகத் தலைப்பிலேயே உறுதி சொல்லும் நூல் அது. பிரெஞ்சு இசைக் கோட்பாட்டாளர் ராமோ ஒரு தந்தியின் மேலொலிகளிலிருந்து இலக்கணம் கட்டிய காலத்தில், தார்த்தீனி வட்டத்தையும் அதை அடைத்து நிற்கும் சதுரத்தையும் வரைந்து, அவற்றின் விகிதங்களிலிருந்து இசையை வருவிக்கப் பார்த்தார். நோக்கம் பெரியது, பௌதிக நிகழ்வு ஒன்றுக்கும் வடிவியலுக்கும் பொதுவான வேர் தேடியது துணிச்சலும்கூட. ஆனால் முறை நிற்கவில்லை. உவமை முடிந்து நிரூபணம் தொடங்கும் இடம் எது என்று நூலில் எங்குமே தெரிவதில்லை. விகிதங்கள் காதில் கேட்டவற்றை விளக்குவதற்குப் பதிலாக, வட்டத்துக்குள் ஏற்கெனவே இருந்ததாகக் காட்டப்படுகின்றன. கணிதம் அறிந்தவர்கள் அன்றே இதைச் சுட்டினார்கள். ரூசோ தம் இசை அகராதியில் இந்த அமைப்பை விரிவாக எடுத்துச் சொன்னது நூலின் செல்வாக்குக்குச் சான்று. செல்வாக்கு வேறு, செம்மை வேறு.

அதே நூலின் நடுவே ஒரு நல்ல கண்டுபிடிப்பு கிடக்கிறது. இரண்டு தந்திகளை ஒருசேர, நேரான சுருதியில், வில்லால் பலமாக இழுத்தால் கீழே மூன்றாவதாக ஓர் ஒலி எழுகிறது. அதிர்வெண்களின் வேறுபாடே அந்த ஒலி. ச–க 4:5 என்றால் மிச்சம் 1, அதாவது சட்ஜத்துக்கு இரண்டு ஸ்தாயி கீழே. ச–ப 2:3 என்றால் ஒரு ஸ்தாயி கீழே. இந்த ‘மூன்றாம் ஒலி’யை 1754இல் தார்த்தீனி ஒரு ஸ்தாயி மேலே தள்ளிக் குறித்தார், ச–பவுக்குச் சட்ஜத்தையே எழுதினார். அச்சில் முந்தியவர் ஜெர்மானியரான ஸோர்கே, 1745இல். தாம் 1714இலேயே அங்கோனாவில் இதைக் கேட்டதாகத் தார்த்தீனி சொல்வது 1767இல் வந்த இரண்டாம் நூலில்தான். ஐம்பது ஆண்டு கழித்துத் தாமே தமக்கு அளித்துக்கொண்ட சாட்சியம் அது. முந்துரிமை வழக்கில் இதை முழுச் சான்றாக ஏற்க முடியாது.

ஆனால் அதே இடத்தில் இன்னொன்றும் சொல்கிறார். 1728இல் படுவாவில் பள்ளி தொடங்கியதிலிருந்து, சுருதி சுத்தத்துக்கு இந்த மூன்றாம் ஒலியையே மாணவர்களுக்கு அளவுகோலாகக் கொடுத்தாராம். எனக்கு இதுதான் முக்கியம். இரண்டு விரல்களில் ஒன்று மயிரிழை பிசகினாலும் கீழே எழும் ஒலி இடம்மாறிவிடும். ஆசிரியர் அருகில் இல்லாதபோதும் மாணவனைத் திருத்தும் கருவி இது. நூலில் தடுமாறும் கோட்பாடு வகுப்பறையில் கச்சிதமாக வேலை செய்கிறது.

வகுப்பறைத் தாள்களுக்கு வருவோம். இசை அணிகள் பற்றிய அவருடைய பாடக்குறிப்பு அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. கையெழுத்துப் பிரதிகளாகச் சுற்றியது. இறந்த மறு ஆண்டு, 1771இல், பாரிஸில் பிரெஞ்சு வடிவம் வந்தது. இத்தாலிய மூலத்தின் பிரதிகள் வெனிஸிலும் பெர்க்லியிலும் இருப்பது 1950களின் இறுதியில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. வெனிஸ் பிரதி மாணவர் நிக்கொலாய் எழுதியது. இங்கே குறை வெளிப்படை: ஆசிரியரின் கைப்பிரதி இல்லை, எது அவர் சொல், எது மாணவர் கேட்டு எழுதியது என்று வரி வரியாகப் பிரிக்க வழியில்லை. நிறைவும் அதே அளவு வெளிப்படை. ட்ரில் (அடுத்தடுத்த இரு சுரங்களை மாறி மாறி அசைப்பது) எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது, சாய்ந்து இறங்கும் சுரம் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு விதியும் வாசிப்பின் சூழலோடு கட்டப்பட்டிருக்கிறது. வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. இசையமைப்பாளர் மொஸார்ட்டின் தந்தை லியோபோல்ட் மொஸார்ட் 1756இல் வெளியிட்ட வயலின் நூலில் இதன் பகுதிகளை எடுத்த இடம் சொல்லாமல் சேர்த்துக்கொண்டதைத் திருட்டு என்பதைவிட மதிப்புரை என்றே வாசிக்கலாம்.

எல்லாவற்றிலும் உயர்ந்தது ஒரு கடிதம். 1760 மார்ச் 5 அன்று, வெனிஸின் மெண்டிகாந்தி ஆதரவற்றோர் இல்லத்தில் இருந்த மாணவி மத்தலேனா லொம்பார்தினிக்கு எழுதியது. விரல் வைக்காத தந்தியில் வில்லை மூச்சைப் போல மெல்லத் தொடங்கி, வலுக்கூட்டி, மறுபடி மெலியவிடு. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சமாக நாளுக்கு ஒரு மணி நேரம். பிறகு இசையமைப்பாளர் கொரெல்லியின் வேகச் சுரங்களை ஒவ்வொன்றுக்கும் நடுவே இடைவெளி விட்டு, மெதுவாகத் தொடங்கி விரைவாக்கு. பிறகு இடக்கையின் நிலைகள். பிறகு ட்ரில், நிதானம் முதல் துரிதம் வரை. சில பக்கங்களில் ஒரு முழுப் பாடத்திட்டம், வரிசை குலையாமல். எந்த அறிவுரைக்கும் பிரபஞ்சத்தைச் சாட்சிக்கு அழைக்கவில்லை. இடக்கைக்கு ஒதுக்கிய இடம் குறைவு என்று குறை சொல்லலாம். ஆனால் வில்லே முதல் என்பது கவனக்குறைவில் நேர்ந்தது அல்ல, அவருடைய தீர்ப்பு.

இசைக் கையெழுத்துகளும் இந்தப் பக்கமே சாய்கின்றன. படுவாவில் உள்ள ‘சிறு சொனாட்டாக்க’ளின் தாள்களில் பல இடங்களில் கீழ்ச்சுர வரி இல்லவே இல்லை. மரபுக்காகவே அதைச் சேர்ப்பதாகவும், தாம் அது இல்லாமலே வாசிப்பதாகவும் 1750இல் எழுத்தாளர் அல்கரொத்திக்கு எழுதினார். சில பகுதிகளின் தலைப்பில் கவிதை வரிகளைச் சங்கேத எழுத்தில் மறைத்து வைத்தார். 1935இல் இசையியலாளர் மினோஸ் தூனியாஸ் அதை உடைத்தார். ஒத்திசைவே எல்லாவற்றுக்கும் ஆதாரம் என்று நூல் எழுதியவர், தனி வயலினில் ஒற்றை மெட்டை, அதுவும் ஒரு பாட்டுவரியை நெஞ்சில் வைத்து, இழைத்துக்கொண்டிருந்தார். இந்த முரணை அவர் எங்கும் தீர்க்கவில்லை.

ஆகவே கோட்பாட்டாளர் என்ற தகுதியை நான் 1754இன் நூலுக்குத் தரமாட்டேன். அது வரலாற்றுச் சான்று, அவ்வளவுதான். மாணவருக்கு எழுதியவற்றுக்கே அந்தத் தகுதி சேரும், ஏனெனில் அங்கேதான் விதி ஒவ்வொன்றையும் வாசித்துப் பார்த்துச் சோதிக்க முடிகிறது.

மத்தலேனா பின்னாளில் சிர்மென் என்ற பெயரில் வயலின் கான்செர்ட்டோக்களை வெளியிட்டார். அவற்றில் ஒன்றை சால்ஸ்பர்க்கில் கேட்டுவிட்டு, அழகாக எழுதப்பட்டிருக்கிறது என்ற பொருளில் 1778இல் மகனுக்குக் கடிதம் எழுதியவர் லியோபோல்ட் மொஸார்ட். இந்த முறை பெயரைச் சொல்லியிருக்கிறார்.