சொல் இருக்கிறது, சொன்ன இடம் எங்கே?

பழமொழிகளை நாம் இன்று பட்டியலாகவே படிக்கிறோம். இந்தப் பழக்கம் அச்சோடு வந்தது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பீட்டர் பெர்சிவல் 1842இல் ஒரு தொகுப்பை வெளியிட்டார். 1874இல் அது 6,000க்கும் மேற்பட்ட பழமொழிகளாகப் பெருகியது. 1894இல் ஜான் லாசரஸ் அகராதியே செய்தார். டென்மார்க்கைச் சேர்ந்த மிஷனரி ஹெர்மன் ஜென்சன் 1897இல் பொருள்வாரியாகப் பிரித்துக் கொடுத்தார். இவர்கள் உழைக்காமல் இருந்திருந்தால் எத்தனையோ சொற்கள் மண்ணோடு போயிருக்கும். ஆனாலும் சொல்லை எடுத்து வைத்தவர்கள், அது சொல்லப்பட்ட இடத்தை விட்டுவிட்டார்கள். “ஆழம் தெரியாமல் காலை விடாதே” என்பதும் “துணிந்தவனுக்குத் துக்கமில்லை” என்பதும் ஒரே நூலுக்குள் வந்தால், தமிழர் அறிவு முன்னுக்குப் பின் முரணானது என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். ஆனால் மஞ்சக்குட்டை என்ற மலைக் கிராமத்தில் ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். சாமை விளைந்த காட்டில் காப்பிக் கன்று வைக்கலாமா என்று பேச்சு எழுகிறது. காப்பி காய்க்க மூன்று நான்கு வருஷம் ஆகும். அதுவரை அடுப்பு எரிய வேண்டும். பெரியவர் முதல் பழமொழியைச் சொல்வார், மகன் இரண்டாவதைச் சொல்வான். இங்கே முரண் எதுவும் இல்லை. இரண்டும் ஒரே வழக்கின் இரண்டு தரப்புகள். பழமொழியின் இலக்கிய மதிப்பை நான் இந்த வாதத் திறனில்தான் காண்கிறேன். சட்டென்று, ஓசையோடு, மறுக்க முடியாதபடி வந்து விழுவதற்காகவே எதுகையும் மோனையும் அதில் அமைந்திருக்கின்றன.

சூழலை அச்சில் ஏற்ற முடியுமா என்று கேட்கலாம். 17ஆம் நூற்றாண்டுப் படிக்காசுப் புலவர் பாடியதாகச் சொல்லப்படும் தண்டலையார் சதகம் அதை ஓரளவு செய்து காட்டியது. பாட்டுதோறும் ஒரு பழமொழியை வைத்து, அது பொருந்தும் நிலைமையையும் சேர்த்துச் சொல்கிறது. குறை அதிலும் உண்டு: எல்லாம் இறைவன் முன் சொல்லும் நீதியாகிவிடுவதால், எதிர்த்துப் பேச ஆளில்லை. பழமொழிகள் சாதியையும் பெண்ணையும் இழிவுபடுத்துகின்றன, அவற்றை ஏன் காக்க வேண்டும் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. அந்த இழிவு உண்மை. நீக்கிவிட்டால் காயம் மறையும், காயப்படுத்தியவரும் மறைவார். “பெண் புத்தி பின் புத்தி” என்பது, பெரும்பாலும் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் வாயை அடைக்கச் சொன்னது. யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னார் என்று எழுதிவைத்தால் அதன் கொடுமை தானே தெரியும். பட்டியலிலோ அது ஓர் இனத்தின் தீர்ப்பாக நிற்கிறது. அவள் இல்லை, அவள் சொல்ல வந்ததும் இல்லை.