கண்மருந்தும் கண்ட சான்றும்

பழமை ஒன்றே ஒரு மருந்திற்குச் சான்றாகுமா? ஐரோப்பிய மக்கள் நெடுங்காலமாகக் கண்வலிக்குக் கையாண்டு வரும் 'ஐப்ரைட்' என்னும் பூண்டின் வரலாறு இவ்வினாவிற்கு விடை தருகின்றது. தாவர நூலார் இதனை யூப்ரேசியா என்பர். மகிழ்ச்சி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

இப்பூண்டின் புகழுக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, அதன் பூ. வெண்ணிற இதழ்களில் ஊதா வரிகளும் மஞ்சட் புள்ளியும் காணப்படும். அது சிவந்து கலங்கிய கண்ணை ஒத்திருத்தலின், கண்ணோய்க்கெனவே படைக்கப்பட்டது என முன்னோர் கருதினர். மூலிகையின் வடிவமே அதன் பயனைக் காட்டும் என்னும் கொள்கை அன்று ஐரோப்பாவில் வேரூன்றியிருந்தது. இரண்டாவது, நூலோர் வாக்கு. 17ஆம் நூற்றாண்டில் கல்பெப்பர் தம் மூலிகை நூலில் இதனைப் பெரிதும் போற்றினார். 1667இல் வெளிவந்த மில்டனின் 'இழந்த சொர்க்கம்' என்னும் காவியத்தில், ஆதாமின் பார்வையைத் துலக்க வானவன் மைக்கேல் இப்பூண்டையும் அருவதாவையும் பயன்படுத்துகின்றான். காவியத்திற்கு அஃது அணி, மருத்துவத்திற்குச் சான்றாகாது.

அங்ஙனமாயின் ஆராய்ச்சி யாது கூறுகின்றது? 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், கண்வலியுற்ற 65 பேருக்கு இப்பூண்டினாலான சொட்டு மருந்து அளிக்கப்பட்டது. இரண்டு வாரங்களில் 53 பேர் முற்றும் குணமடைந்தனர். 11 பேருக்கு நோய் நன்கு தணிந்தது. ஒருவருக்குச் சிறிது மிகுந்தது. மருத்துவரே நோயாளரைப் பார்த்துக் கணக்கிட்டதும், மிகுந்த ஒருவரை மறையாது கூறியதும் பாராட்டத்தக்கன.

ஆயினும் இவ்வாய்வில் பெருங்குறை ஒன்றுண்டு. மருந்திடாத மற்றொரு குழுவினரை வைத்து ஒப்புநோக்கவில்லை. தொற்றினால் வரும் சாதாரணக் கண்வலி பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானே தணியும் இயல்புடையது. எனவே குணமானோரில் எத்தனை பேர் மருந்தினால் குணமாயினர், எத்தனை பேர் நாள் கழிந்தமையால் குணமாயினர் என்று பிரித்தறிய இயலாது. மருந்து உண்டபின் நோய் நீங்குவது வேறு. மருந்தினால் நீங்குவது வேறு.

மற்றொன்றும் கருதத்தக்கது. ஆய்வில் வழங்கியது, ஒருமுறைக்கென அடைக்கப்பட்ட தூய சொட்டு மருந்து. வீட்டில் காய்ச்சி வடித்த கஷாயத்திற்கு அதன் பயனை ஏற்றிக் கூறுதல் முறையன்று. பயன் நிறுவப்படாமையும் தூய்மை பற்றிய ஐயமும் காட்டி, ஜெர்மனியின் 'கமிஷன் ஈ' என்னும் அறிஞர் குழு இப்பூண்டைக் கண்ணில் இடுவதை ஏற்க மறுத்தது.

நம் வீட்டு முற்றத்து நந்தியாவட்டைக்கும் இவ்வளவுகோலே பொருந்தும். கண்ணுக்குக் குளிர்ச்சி என்று பாட்டிமார் அதன் பூவைக் கண்ணில் ஒற்றுவது அன்பின் செயலே. அதனை எள்ளி நகையாடுதல் அறிவுடைமையாகாது. ஆராயாது ஏற்பதும் அறிவுடைமையாகாது. தூய்மையற்ற சாறும் செடிப்பாலும் கருவிழியைப் புண்ணாக்கக்கூடும். கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சம் காணக் கூசுதல் ஆகியவை தோன்றினும், பச்சிளங் குழந்தைக்குக் கண் சிவந்து சீழ் வடியினும், பூவைத் தேடிப் பொழுது போக்கலாகாது. அன்றே மருத்துவரிடம் செல்லல் வேண்டும்.

மூலிகையின் பெருமையைக் காக்க விரும்புவோர் முதலில் செய்யத்தக்கது, அதனை நேர்மையான சோதனைக்கு உட்படுத்துவதே. அதில் தேறிய மருந்துக்குப் பழமையின் துணை வேண்டுவதில்லை. தேறாத மருந்துக்காக ஒரு குழந்தையின் கண்ணைப் பணயம் வைத்தல் தகாது.