புட்பகமும் மயிற்பொறியும்

பண்டை இலக்கியங்களிற் கூறப்படும் ஒரு பொருளை இன்று காணப்படும் ஒன்றோடு ஒப்பவைத்து, ‘அதுவே இது’ எனத் துணிதல் ஆராய்ச்சியாளர்க்கு இன்பம் பயக்கும் செயலாகும். இடர் பயப்பதும் அதுவே. மன்னார்த்தீவு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். தலைமன்னாரிலிருந்து தனுக்கோடி நோக்கிக் கிடக்கும் மணற்றிட்டுக்களை ஒருசாரார் இராமர் அணை என்றும், மற்றொருசாரார் ஆதாம் பாலம் என்றும் வழங்குவர். அணையை அடையாளங் கண்டோர் அம்மட்டில் அமைந்தாரல்லர். அதன் மேலாகப் பறந்த புட்பகவிமானத்தையும் உண்மையான ஆகாயவிமானமாக அடையாளங் காண முற்பட்டனர். இராவணனைப் பற்றியும் மறைந்துபோன வான்வழிகளைப் பற்றியும் சான்றுடையோர் அவற்றைத் தருக என இலங்கை அரசின் விமானத்துறையினர் 2020இல் பத்திரிகை வாயிலாகக் கேட்டனர். ஆதலின், இத்தகைய துணிபு எத்துணைப் பொருந்தும் என ஆராய்தல் இலக்கியம் பயில்வோர் கடனாகும்.

ஒரு வானூர்தி இன்னதெனத் தெளிதற்கு முறை உண்டு. 1947 டிசம்பர் 10ஆந் திகதி எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் சேவையாக இரத்மலானையிலிருந்து புறப்பட்டது ‘சீதாதேவி’ என்னும் டக்கோட்டா விமானம். உடலின் கீழ்ப்பாகத்திற் பொருந்திய சிறகுகள், இரண்டு எந்திரங்கள், நிலத்தில் நிற்கும்போது வால் தாழ மூக்கு நிமிரும் தோற்றம் என்பவற்றால், மங்கிய புகைப்படத்தினும் அவ்வகையை அறிந்துகொள்ளலாம். படமின்றிச் சொல்லால் மாத்திரம் அறியவேண்டின் மூன்று வினாக்களுக்கு விடை வேண்டும். அஃது எதனாற் செய்யப்பட்டது? செலுத்துவோர் யாது செய்ய எழும், யாது செய்ய இறங்கும்? எதனை அது செய்யமாட்டாது? இவற்றுள் மூன்றாவதே தலையாயது. எல்லையில்லாத கருவி உலகில் இல்லை.

இவ்வினாக்களைப் புட்பகத்தின்பால் நிகழ்த்துக. வான்மீகி கூறும் புட்பகம் விசுவகருமா சமைத்தது; மணியும் பொன்னும் இழைத்தது; மாடமாளிகை போன்றது. ஏறியவனது எண்ணமே அதனைச் செலுத்தும். இராமனோடு வீடணனும் வானரப்படையும் ஏறியபோதும் அதற்கு இடம் குறைந்ததில்லை. அயோத்தியை அடைந்தபின், ஏவிய அளவில் தன் பழைய தலைவனாகிய குபேரனிடம் தானே மீண்டது. அது செய்யமாட்டாத செயல் யாதும் இல்லை. ஆகவே அது பொறியன்று; தெய்வத்தன்மையின் வடிவம். அணைக்கும் இதுவே பொருந்தும். காவியம் கூறும் கடலின் அகலம் நூறு யோசனை. யோசனையை எத்துணைக் குறுக்கிக் கணக்கிடினும் அது தலைமன்னார்க் கடலிற் பன்மடங்காகும். கவிஞன் நிலமளப்போன் அல்லன்.

மயக்கத்திற்குச் சொல்லும் ஒரு காரணமாயிற்று. மன்னார்ப் பெருநிலக் கரையிலுள்ள திருக்கேதீச்சரத்திற் கருவறைமேல் எழுந்து நிற்பதும் விமானமே; அதனைப் பறக்கும் எந்திரம் என்பார் ஒருவருமிலர். பல நிலைகளையுடைய மாளிகையையும் தேவர் ஊர்தியையும் குறித்த பழஞ்சொல்லை இக்காலத்தார் வானூர்திக்குப் பெயராக்கினர். பின்னர் அப்புதுப்பொருளையே பழைய நூலினுள் ஏற்றிப் படிக்கலாயினர்.

பழைய நூலொன்றில் அமைப்பு விவரமும் உண்டெனச் சிலர் ‘வைமானிக சாஸ்திர’த்தைக் காட்டுவர். பரத்துவாச முனிவர் செய்ததாகக் கூறப்படும் அந்நூல், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுப்பராய சாஸ்திரி என்பவர் சொல்ல எழுதப்பட்டது. 1973இல் மைசூரில் ஆங்கில மொழிபெயர்ப்போடும் படங்களோடும் வெளிவந்தது. சகுனம், சுந்தரம், ருக்மம், திரிபுரம் என நான்கு விமானங்கள் அதிற் கூறப்படுகின்றன. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து அறிஞர் ஐவர் 1974இல் அதனை ஆராய்ந்து, மொழிநடையும் வரலாறும் நோக்க அந்நூல் 1904க்கு முற்பட்டதன்று எனவும், கூறப்பட்ட அமைப்புக்களுள் ஒன்றேனும் பறக்குந் தகுதி உடையதன்று எனவும் முடிவு செய்தனர். விவரம் மிகுதியாயிருத்தல் உண்மைக்குச் சான்றாகாது என்பது இதனாற் பெறப்படும்.

இனி, தமிழிலுள்ள மயிற்பொறியை நோக்குக. சீவகசிந்தாமணியிற் சச்சந்தன் வேண்டத் தச்சன் ஒரு மயிலைச் செய்கிறான். திருத்தக்கதேவர் அதற்குரிய பொருள்களைப் பெயர் சுட்டிக் கூறுகிறார்: துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு. செய்துமுடித்த காலம் ஏழு நாள். பொறியை வலப்புறந் திருக எழும். இடப்புறந் திருகக் கால் குவித்து இறங்கும். விசயை அதனைச் செலுத்தப் பயில்கிறாள். பகைவனுடைய வெற்றிமுரசு கேட்டு அவள் அறிவு சோர, மயில் சுடுகாட்டில் இறங்குகிறது; அவ்விடத்தே சீவகன் பிறக்கிறான். மூன்று வினாக்களுக்கும் ஈண்டு விடை உண்டு. மனிதர் கை சோர்ந்தால் மயிலும் சோரும். கதையின் உயிர்நிலையே பொறியின் எல்லையில் அமைந்திருத்தல் காண்க. இதனால் மயிற்பொறி உண்மையிற் பறந்தது என்பது பெறப்படாது. துணியும் அரக்கும் ஒருத்தியைச் சுமந்து வானில் எழமாட்டா. ஆயினும் தேவர் தச்சனது கைத்தொழிலை உற்றறிந்து, கருவியைக் கருவியாகவே எண்ணிப் பாடினார் என்பது தெளிவு.

அங்ஙனமாயின் புட்பகத்திற்குச் சிறப்பில்லையோ எனின், உண்டு. அது வேறோரிடத்தில் உள்ளது. இரகுவமிசத்தின் 13ஆஞ் சருக்கத்தில் இராமன் புட்பகத்திலிருந்து சீதைக்குக் கடலைக் காட்டுகிறான். தெளிந்த சரற்கால வானத்தைப் பால்வீதி பிளப்பதுபோல அணை கடலைப் பிளந்து கிடக்கிறது என்றும், தொலைவிலுள்ள கரை இருப்புச் சக்கரத்தின் விளிம்பிற் படிந்த கறைபோல மெல்லிய கோடாகத் தோன்றுகிறது என்றும் காளிதாசர் உவமிக்கிறார். இன்று விமானத்திற் செல்வோர், வடக்கே பாக்குநீரிணைக்கும் தெற்கே மன்னார் வளைகுடாவிற்கும் இடையே மணற்றிட்டுக்கள் வெள்ளிய கோடாகக் கிடத்தலைக் காண்பர். ஒருபோதும் பறந்தறியாத புலவர் நிலத்தில் நின்றே இவ்வுயரக் காட்சியைக் கண்டார். வியக்கத்தக்கது இதுவே. அவர் ஏதோ ஓர் எந்திரத்தில் ஏறிப் பார்த்து எழுதினார் எனின், அப்புகழ் எந்திரத்திற்குப் போகுமேயன்றிக் கவிக்கு வாராது.

முன்னோர் பெருமையை நிறுவ விரும்புவோர்க்கு மன்னார்க் கரையே நல்லாசிரியன். மாதோட்டத்தில் 1980 முதல் 1984 வரை நிகழ்ந்த அகழாய்வுகளிற் சீனத்து மட்கலங்களும் மேலை ஆசியக் கலங்களும் கிடைத்தன. அவ்வோடுகள் சிறியன, எனினும் அத்துறைமுகத்தின் பெருமையை மறுப்பார் எவருமிலர். சான்றின்மேல் நின்ற புகழ் அசையாது. சான்றில்லாத விமானத்தின்மேல் ஏற்றிய புகழோ, அவ்விமானம் வீழுங்கால் தானும் வீழும். உடன்வைத்த காவியத்தின் மதிப்பையும் ஐயத்திற்கு இடமாக்கும். காவியத்தைக் காவியமாகவும் கருவியைக் கருவியாகவும் கண்டு போற்றுதலே முன்னோர்க்குச் செய்யும் நன்றியாகும்.